மருந்தாய்வாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நுழையும்முன்

மகப்பேறு மகிழ்ச்சிக்குரிய நிகழ்வாகும். கருவைக் காக்க வேண்டிய நஞ்சுக்கொடியின் திசுவே கட்டிலடங்காமல் பெருகித் தாயின் உயிருக்கு உலை வைப்பது அரிதாக நிகழ்வதுண்டு. இரண்டு, மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை அந்நோய் பரவிய பெண்கள் பிழைப்பது மிக அரிது. இன்று தக்க காலத்தில் மருத்துவம் பெறுவோருள் பெரும்பாலோர் முற்றிலும் நலம் பெறுகின்றனர். இம்மாற்றத்திற்குக் காரணமான மருந்தின் வரலாற்றில், சென்னையில் பயின்ற ஒருவரின் உழைப்பு உள்ளது. அவர் வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மாத்திரையும் மனிதரும்

உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும் கிராமச் சுகாதாரச் செவிலியர் கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்குவதை நாம் அறிவோம். அம்மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தும் கலந்துள்ளது. குருதி ஊறுவதற்கும், கருவிலுள்ள குழந்தையின் தண்டுவடமும் மூளையும் செம்மையாக உருவாவதற்கும் இச்சத்து இன்றியமையாதது. கீரைகளில் மிகுதியாக இருப்பதால், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாக இதற்குப் பெயரிட்டனர்.

ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் முறையைக் கண்டறிந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அச்சத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றி, புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் மருந்துகளை உருவாக்கியதும் அதே குழுதான். ஊட்டும் பொருளையும் அதற்கு எதிரான பொருளையும் ஒரே ஆய்வுக்கூடம் உலகிற்கு அளித்தது மருத்துவ வரலாற்றில் அரிய செய்தியாகும். எனினும், அம்மருந்துகளால் உயிர் பிழைத்தோருள் பலர் அவர் பெயரை அறியார்.

கோதாவரியிலிருந்து திருவல்லிக்கேணிக்கு

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியிலுள்ள பீமாவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றார். பிள்ளைகள் எழுவர் நிறைந்த அக்குடும்பத்தில் வறுமை நிலவியது. தாயார் வெங்கம்மா உறுதி மிக்கவர். சிறுவனாக இருந்தபோது சுப்பாராவ், காசிக்குச் செல்லும் பயணிகளுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் அவரைத் தேடிப் பிடித்து, மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

படிப்பு எளிதில் வாய்க்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறினார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையில் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெறவிருந்த பெயருக்குரியவர், தேர்வு முடிவுகளின் பட்டியலில் தம் பெயரைத் தேடி இருமுறை ஏமாந்தவர் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ளலாம்.

தொடர்ந்து மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார். அந்நாள்களில் அவர் உள்ளம் இராமகிருஷ்ண இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டது. துறவு பூணவும் விழைந்தார். தாயார் அதற்கு இசையவில்லை. துறவு கைகூடாத நிலையில் பிணி நீக்கும் தொண்டே அவருக்கு உகந்த வழியாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னர் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர்.

கதர் அங்கியும் கைநழுவிய பட்டமும்

காந்தியடிகளின் அழைப்பையேற்று அந்நியத் துணியைப் புறக்கணித்த இளைஞர்களுள் சுப்பாராவும் ஒருவர். அறுவை மருத்துவ வகுப்பிலும் அவர் கதராலான அங்கியையே அணிந்தார். ஆங்கிலேயரான அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு முழத் துணிக்காக அவர் கொடுத்த விலை சிறிதன்று. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றும் பயனில்லை.

சென்னையில் மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திவந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அக்கல்லூரியோடு அவருக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. உணவின் சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளாமல், ஓயாத கழிச்சலாலும் குருதிச் சோகையாலும் உடலை உருக்கும் 'ஸ்புரு' என்னும் வெப்பமண்டல நோய் அவர் குடும்பத்தைத் தாக்கியிருந்தது. உடன்பிறந்தார் இருவரை அந்நோய் குறுகிய கால இடைவெளியில் கொண்டுசென்றது. மருத்துவம் பயின்ற அவரால் அவர்களைக் காக்க இயலவில்லை. சில காலத்தில் அதே நோய் அவரையும் பற்றியது. ஆங்கில மருத்துவம் கைவிட்ட நிலையில், லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவமே அவரைப் பிழைக்க வைத்தது.

அந்நோய்க்கான காரணத்தையும் மருந்தையும் கண்டறிய வேண்டும் என்ற வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் அளித்த உதவியால், 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். இளம் மனைவி சேஷகிரியைத் தாய்நாட்டில் விட்டுச் சென்றார். அவர் பின்னர் ஒருபோதும் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. இவ்வாழ்க்கையைப் போற்றுவோர், காத்திருந்த அப்பெண்மணியின் வாழ்க்கையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

ஹார்வர்டில் பல ஆண்டுகள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பயின்றபோது கல்விக் கட்டணத்துக்கும் உணவுக்கும் இரவு நேரத்தில் மருத்துவமனையில் பணியாளாக வேலை செய்தார். நோயாளர்களின் கழிகலங்களைத் தூய்மை செய்வதும் அப்பணியில் அடங்கும். பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடுவதற்கு அவ்விருவரும் 1925இல் வெளியிட்ட முறை, 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்று இன்றும் வழங்குகிறது. அடுத்து, தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இல் கண்டறிந்தனர். 1929இல், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று உங்கள் உயிரியல் பாடம் கூறும் ஏ.டி.பி. மூலக்கூற்றையும் பிரித்தெடுத்தனர். செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இவ்வளவு சாதித்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியர் பதவியை வழங்கவில்லை. அவர் தம்மை முன்னிறுத்திக்கொள்ளத் தெரியாதவர். கண்டுபிடிப்பின் பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதே அவர் இயல்பு. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பற்றிய செய்திகள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமற் போயின என்றும், பிறர் அவற்றைப் பல்லாண்டுகளுக்குப்பின் மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்றும், உடன் பணியாற்றிப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குறிப்பிட்டுள்ளார். தன்னடக்கம் நற்பண்பே. ஆயினும், அது ஆய்வின் பயன் உலகைச் சென்றடையத் தடையாகும்போது பொதுநலனுக்கும் இழப்பாகிறது.

கல்லீரலில் தேடிய பொருள்

1940ஆம் ஆண்டு சுப்பாராவ், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்; விரைவில் ஆய்வுத்துறை இயக்குநர் ஆனார். சோகை நோய்க்குக் கல்லீரல் சாறு நற்பயன் தருவது அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அச்சாற்றில் நோயைத் தீர்க்கும் பொருள் எது என்னும் வினாவை அவர் ஹார்வர்டிலிருந்தே சுமந்து வந்தார்.

இவ்வினாவின் ஒரு நுனி இந்தியாவில் இருந்தது. இங்கிலாந்து நாட்டு மருத்துவரான லூசி வில்ஸ், பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாவதை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றை உண்ணக் கொடுத்தால் அச்சோகை நீங்குவதை 1931இல் வெளியிட்டார். ஈஸ்டிலும் கல்லீரலிலும் உள்ள ஏதோ ஒரு சத்து அப்பெண்களுக்குக் குறைந்திருந்தது என்பது தெளிவாயிற்று. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். டன் கணக்கில் கீரையைக் கொட்டிச் சிட்டிகையளவு எடுத்தால் எத்தனை நோயாளருக்குப் போதும்? ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கினாலன்றிப் பயனில்லை.

வேதியியலாளர் பலரைக் கொண்ட சுப்பாராவின் குழு 1945இல் அதைச் செய்து முடித்தது. அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் அப்புதிய பொருளை ஸ்புரு நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாடிக் கிடந்தோர் உணவில் விருப்பம் கொண்டனர், குருதி ஊறியது, உடல் தேறியது. உடன்பிறந்தார் இருவரைப் பலிகொண்ட நோய்க்கு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப்பின் அவர் உழைப்பிலிருந்தே மருந்து பிறந்தது. அதற்காக அவர் விழா எடுக்கவில்லை; அடுத்த ஆய்வுக்குச் சென்றார்.

பூட்டில் சிக்கிய போலித் திறவுகோல்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுக்கு ஆளான குழந்தைகளைக் காக்க வழிதேடிக்கொண்டிருந்தார். சோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலம் குருதிப் புற்றையும் தீர்க்கலாம் என்று கருதி, லெடர்லே அனுப்பிய ஃபோலிக் வகைச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். விளைவு எதிர்மாறாக இருந்தது. புற்று தணியவில்லை, மேலும் விரைந்து வளர்வதாகவே அவருக்குத் தோன்றியது.

இத்தோல்வியே வழிகாட்டியாயிற்று. ஒரு சத்து புற்றை வளர்க்குமாயின், அச்சத்தை முடக்கும் பொருள் புற்றை ஒடுக்க வேண்டுமன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமில மூலக்கூற்றின் சில அணுக்களை மாற்றி, அதைப் போலவே தோற்றமளிக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின்; அதனோடு ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டி உருவாக்கப்பட்டது மெத்தோட்ரெக்சேட்.

இம்மருந்து செயல்படும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிளவுபட வேண்டுமாயின் முதலில் தன் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அப்பணிக்கு ஃபோலிக் அமிலத்தைச் செயல்வடிவாக மாற்றித்தரும் நொதி ஒன்று உடலில் உண்டு. நொதியைப் பூட்டாகவும் ஃபோலிக் அமிலத்தைத் திறவுகோலாகவும் கொள்வோம். மெத்தோட்ரெக்சேட் என்பது போலித் திறவுகோல். பூட்டினுள் நுழையும், ஆனால் திறக்காது, வெளியே வரவும் எளிதில் இசையாது. உண்மைத் திறவுகோலுக்கு இடமில்லாமற் போகும். விரைந்து பிளவுபடும் உயிரணுக்கள் முதலில் பட்டினி கிடந்து மடியும். வாயின் உட்புறத் தோல், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைந்து பெருகுபவையே. வாய்ப்புண்ணும் குருதியணுக் குறைவும் இம்மருந்தின் பக்கவிளைவுகளாக வருவது அதனால்தான்.

1947 திசம்பர் இறுதியில் ஃபார்பர், அமினோப்டெரினை நோயுற்ற குழந்தை ஒன்றுக்குச் செலுத்தத் தொடங்கினார். பதினாறு குழந்தைகளுள் பதின்மருக்கு நோய் தணிந்ததை 1948 சூன் திங்களில் வெளியிட்டார். அத்தணிவு நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் திரும்பியது. எனினும், மருந்தால் குழந்தைகளின் குருதிப் புற்றை ஒடுக்க முடியும் என்பது உறுதிப்பட்டது. மருத்துவ உலகில் பலர் அதை நம்ப மறுத்தனர்.

தெரிந்து தெளிவோம்

முத்துப்பிள்ளை என்று நம் மக்கள் குறிப்பிடும் கருப்ப நிலையில், கருப்பையினுள் குழந்தைக்கு மாறாக, திராட்சைக் கொத்துப்போல் நீர்க்கொப்புளங்கள் நிறைந்திருக்கும். கருவுறுதலின்போது மரபுப் பொருள் பங்கீட்டில் நேரும் பிழையே இதற்குக் காரணம். முழுமையான முத்துப்பிள்ளையில் தாயின் நிறப்புரிகள் இடம்பெறுவதே இல்லை. தந்தை வழி நிறப்புரிகள் மட்டுமே இருக்கும். இது பாவத்தாலோ கண்ணேறாலோ வருவதன்று. தாயின் நடத்தைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருப்பையைத் தூய்மை செய்தபின் பெரும்பாலோர்க்குத் தொல்லை நீங்கிவிடும். சிலருக்கு மட்டும் அத்திசு மீண்டும் வளர்ந்து, அரிதாகப் புற்றாகவும் மாறும்.

நஞ்சுக்கொடியில் தோன்றும் புற்று

நஞ்சுக்கொடியை உருவாக்கும் உயிரணுக்கள் இயல்பாகவே கருப்பைச் சுவரைத் துளைத்துத் தாயின் குருதியோட்டத்தை எட்டும் ஆற்றல் பெற்றவை. அவ்வாற்றல் இல்லையேல் கருவுக்கு உணவு கிடைக்காது. குறித்த அளவில் நின்றுவிட வேண்டிய அவ்வளர்ச்சி நில்லாமல் தொடர்வதே கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோய். முத்துப்பிள்ளைக்குப் பின்னரும், கருச்சிதைவுக்குப் பின்னரும், இயல்பான மகப்பேற்றுக்குப் பின்னரும் இது தோன்றக்கூடும். குருதி வழியே பரவி நுரையீரலையும் மூளையையும் தாக்கும். இந்நோய் கருப்பத்திலிருந்தே பிறக்கிறது என்பதைச் செருமானிய நோய்க்குறியியல் வல்லுநர் ஃபெலிக்ஸ் மார்ச்சண்ட் விளக்கிய ஆண்டு 1895. சுப்பாராவ் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

நோயின் இயல்பு தெரிந்தும் அறுபது ஆண்டுகள் மருத்துவர்கள் கையற்று நின்றனர். கருப்பையை அகற்றுவதே அவர்கள் அறிந்த வழி. நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டால் அதுவும் பயனற்றது. அண்மையில் தாயான இளம்பெண்கள் ஓராண்டுக்குள் மடிந்தனர்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய ராய் ஹெர்ட்ஸ், பெண்மை ஹார்மோனால் வளரும் திசுக்களுக்கு ஃபோலிக் அமிலம் தேவை என்பதைக் கோழிக்குஞ்சுகளைக் கொண்டு முன்னரே கண்டிருந்தார். 1955இல் அவரோடு சேர்ந்த சீன மருத்துவர் மின் சியு லீ, வேறொரு புற்றுநோயாளருக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தபோது அவர் சிறுநீரில் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனின் அளவு குறைந்ததைக் கவனித்திருந்தார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் அது. கருவுற்றதை அறியும் சிறுநீர்ச் சோதனையும் அதையே அளக்கிறது. இருவரின் அறிவும் ஒரு புள்ளியில் சந்தித்தன.

1956இல், நுரையீரல் வரை நோய் பரவி உயிர் ஊசலாடிய இளம்பெண் ஒருவருக்கு மெத்தோட்ரெக்சேட்டைச் செலுத்தினர். சில திங்களில் நுரையீரலில் இருந்த கட்டிகள் மறைந்தன. அவ்வாண்டிலேயே அச்செய்தியை வெளியிட்டனர். பரவிய திண்மப் புற்று ஒன்று மருந்தினால் மட்டுமே குணமாவதை உலகம் முதன்முதலாகக் கண்டது.

லீ அத்துடன் நிறுத்தவில்லை. கட்டி கண்ணுக்குத் தெரியாமற் போனபின்னும் எச்.சி.ஜி. சிறிதளவு எஞ்சியிருந்தால், எங்கோ புற்றணு ஒளிந்திருக்கிறது என்று அவர் உறுதியாகக் கருதினார். அவ்வளவு சுழியத்தை எட்டும்வரை மருந்தைத் தொடர்ந்தார். நோய் நீங்கிய பெண்களுக்கு நஞ்சு போன்ற மருந்தைத் தருவது முறையன்று என மேலிடத்தார் கருதினர். அந்நிறுவனத்தை விட்டே அவர் நீங்க நேர்ந்தது. காலம் அவர் பக்கம் நின்றது. முன்னதாக மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. சுழியம் வரை மருந்து பெற்றவர்கள் நலமுடன் வாழ்ந்தனர். 1972இல் லீக்கும் ஹெர்ட்சுக்கும் புகழ்பெற்ற லாஸ்கர் விருது கிடைத்தது. 1961இல் ஹெர்ட்ஸ் வெளியிட்ட கணக்கின்படி, நோய் பரவிய அறுபத்து மூன்று பெண்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் முழு நலம் பெற்றிருந்தனர். இன்று இந்நோய்க்கு முறையான மருத்துவம் பெறுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர். பெரும்பாலும் கருப்பையை அகற்ற வேண்டியதில்லை. மருத்துவர் குறிக்கும் காலம் கழிந்தபின் மீண்டும் தாய்மையடையவும் முடிகிறது.

மெத்தோட்ரெக்சேட் மருத்துவத்தில் மருந்து செலுத்திய மறுநாள், நலமான உயிரணுக்களைக் காப்பதற்காக ஃபோலினிக் அமிலம் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. ஃபோலிக் அமிலத்தின் செயல்வடிவமே அது. ஒரு நாள் போலித் திறவுகோல், மறுநாள் உண்மைத் திறவுகோல். சுப்பாராவ் குழுவின் இருவேறு உழைப்பும் ஒரே நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்கின்றன.

காணாமற்போன நாள்கள்

இவற்றுள் எதையும் சுப்பாராவ் காணவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டே திங்களில், 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில் உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. நுரையீரல் நோய்க் கட்டிகள் கரைந்த அப்பெண்ணுக்கு மருந்து செலுத்தப்பட்டது அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர்.

இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946இல்தான் சட்டம் மாறியது. கால் நூற்றாண்டு அந்நாட்டில் உழைத்த அவர், குடியுரிமை பெறாமலே மறைந்தார்.

லெடர்லேயில் அவர் இயக்குநராக இருந்த சில ஆண்டுகளில் வெளிவந்த மருந்துகள் மேலும் உண்டு. பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுள் முதலாவதாகும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைக் கொல்லும் டைஎதில்கார்பமசின் 1947இல் வெளிவந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் யானைக்கால் நோயை ஒழிக்க வீடுவீடாக மாத்திரை வழங்கிய முகாம்களில் கொடுக்கப்பட்டது அதுவே. மெத்தோட்ரெக்சேட்டோ புற்றுக்கு மட்டுமன்றி முடக்குவாதத்திற்கும், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைக் கரைப்பதற்கும் பயன்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு.

பரிசுகள் அவரைத் தேடி வரவில்லை. பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். நூற்றாண்டு நிறைவுற்ற 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவர் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர்ப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் தாங்கி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். புற்றுநோயால் 1969இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருகிறது. முத்துப்பிள்ளை நீங்கிய பெண்ணோ, மகப்பேற்றுக்குப்பின் நிற்காத குருதிப்போக்கோடும் குருதி கலந்த இருமலோடும் வரும் பெண்ணோ, எச்.சி.ஜி. சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்துகின்றனர். அளவு இயல்பு நிலைக்கு வந்தபின்னும் பல திங்கள்கள் அச்சோதனை தொடர்கிறது. ஊரிலிருந்து பேருந்தேறி மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வருவது எளிதன்று. உடம்பு தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்துவோரும் உளர். லீ தம் பணியை இழந்தது, அவ்வாறு பாதியில் நிறுத்த மறுத்ததற்காகத்தான்.